ஆர்டர் இல்லாமல் செய்கிற வேலை: சேலத்துக் கைப்பொருள் கலை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்த வீட்டில் பிறந்தவள் நான். இப்போது அஸ்தம்பட்டியில் மொட்டை மாடிக் கொட்டகையில் வெள்ளி, மண், மரம் மூன்றிலும் பொருள்கள் செய்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாதம், வீட்டைத் திறந்து வைத்து எல்லாரையும் பார்க்கக் கூப்பிடுவேன். வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், கேட்கும் ஆள்தான் மாறுவார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"கைவினைன்னு சொல்லித்தான் கூப்ட்டீங்க. ஒரு விளக்கு, ஒரு பொம்மை, ஒரு தட்டைக்கூட காணோமே அக்கா?"

நம் ஊரில் பொருள் செய்கிற எல்லாரும் ஆர்டருக்குச் செய்கிறவர்கள். கொலுசுக் கடைக்காரர் எடை சொல்வார், டச் என்கிற வெள்ளித் தரம் சொல்வார், மாடலைக் கையில் கொடுப்பார். அம்மாப்பேட்டைத் தறிக்காரருக்கு பாவும் டிசைன் அட்டையும் வீட்டுக்கே வந்துவிடும். தம்மம்பட்டி மரச் சிற்பியிடம் "ரெண்டடி பிள்ளையார், வெள்ளிக்கிழமைக்குள்ள" என்பார்கள். இவர்கள் யாருக்கும் கைத்திறனில் குறைச்சல் இல்லை. இந்தத் தகட்டை இன்னும் நாலு அடி அடித்தால் என்ன ஆகும் என்று ஒரு வாரத்தை வீணாக்கிப் பார்க்கத்தான் வழியில்லை.

அந்த ஒரு வாரத்தை எப்படியோ பிடுங்கி எடுத்துக்கொள்கிறவர்களைத்தான் இங்கே கைப்பொருள் கலைஞர் என்கிறேன். சிலருக்குச் சம்பள வேலை ஒன்று இருக்கும், சிலர் வகுப்பு எடுப்பார்கள், சிலருக்கு வீட்டுக்காரர் சம்பாதிப்பார். எனக்கு மூன்றும் மாறி மாறி. பொருளை முதலில் கையில் எடுத்து, அது என்ன செய்யச் சம்மதிக்கிறது, எங்கே முரண்டு பிடிக்கிறது என்று பார்த்து, அதிலிருந்து உருவத்துக்குப் போவதுதான் எங்கள் வேலை. விளக்கும் வரலாம், வராமலும் போகலாம்.

"சரி, இது எதுக்கு ஆகும்? பூவாவது வைக்கலாமா?"

சிலதில் வைக்கலாம். ஆனால் உபயோகம் என்பது ஒரு பொருளிடம் கேட்க வேண்டிய பல கேள்விகளில் ஒன்று. 1958-ல் இந்திய அரசு கேட்டுக்கொண்டு, அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கியதற்கு அதுவே அடிப்படை. இங்கே பார்த்தவற்றுள் எல்லாவற்றையும்விட அழகானது என்று அவர்கள் எழுதியது தாஜ்மகாலை இல்லை, சொம்பை. நம் வீட்டுக் கிணற்றடிச் சொம்பை.

சொம்பைப் பார்த்து அவர்கள் அடுக்கிய கேள்விகளைத்தான் நான் வகுப்பில் திருப்பிச் சொல்வேன். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், இடுப்பில் எப்படி உட்காரும், ஊற்றும்போது கை எங்கே போகும், தரையில் வைத்தால் என்ன சத்தம் வரும், வெயிலில் எப்படி இருக்கும், விற்றால் என்ன கிடைக்கும். என் மேசையில் அடி உருண்ட வெள்ளிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. வைத்தால் ஆடிக்கொண்டே இருக்கும், நிற்காது. அது "வைத்தால் என்ன ஆகும்" என்ற ஒரே கேள்விக்குச் செய்தது. பூ வைக்க முடியாது, மன்னிக்கவும்.

"அப்ப இதைச் சிற்பம்னே சொல்லிடலாமே? எதுக்கு தனியா ஒரு பேரு?"

சொல்லலாம், சண்டை இல்லை. மிருணாளினி முகர்ஜி (1949–2015) சணல் போன்ற நார்க்கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டு ஆளுயர உருவங்களைச் செய்தார். ஊறுகாய் ஜாடியும் பூந்தொட்டியும் தொங்கவிடப் போடுகிற அதே முடிச்சு வேலை. அதைச் சிற்பம் என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு ரொம்ப நாள் பிடித்தது. மீரா முகர்ஜி (1923–1998) ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து, பஸ்தர் பழங்குடி வார்ப்புக்காரர்களிடம் உட்கார்ந்து மெழுகு வார்ப்பைக் கற்றார். இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

நம் பக்கத்துக் கதை இன்னும் நேரடியானது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966-ல் சென்னைக்கு வெளியே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். நிலம் வாங்கிய பணத்தில் பெரும்பங்கு பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருள்களை விற்று வந்தது. பகலில் கைவினை, மிச்ச நேரத்தில் ஓவியம். ஓவியம் விற்று வாங்கிய நிலமில்லை அது என்பதைக் கலை பெரிது, கைவினை சிறிது என்று பேச வருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

"சேலத்துல அப்படி என்ன பொருள் கிடைச்சிடும்? எல்லாம் மெட்ராஸ்ல இருந்து வாங்கணும்ல?"

இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குக் கோபம் வரும். மேற்கே கஞ்சமலை, காந்தக்கல் என்கிற இரும்புத் தாது. வடக்கே மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல் பூமி. ரயில் நிலையத்துக்கே மேக்னசைட் ஜங்ஷன் என்று பெயர் வைத்த ஊர் இது. உருக்காலையிலிருந்து வரும் எவர்சில்வர் தகடு. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி, பற்றவைக்கத் தூவும் வெங்காரம், கம்பி அச்சு எதைக் கேட்டாலும் கூப்பிடு தூரம். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளைப் பக்கம் பட்டும் பருத்தியும். ஆத்தூர் வழியில் மரவள்ளியும், ஜவ்வரிசி ஆலை தள்ளிவிடும் சக்கையான திப்பியும். ஏறினால் ஏற்காட்டில் சில்வர் ஓக், பிடுங்கிப் போட்ட பழைய காப்பித் தூர், மூங்கில், உன்னிச்செடி.

இவற்றில் காப்பித் தூரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. காய்ப்பு நின்ற செடியைத் தோட்டக்காரர்கள் பிடுங்கி அடுப்புக்குப் போடுவார்கள். கணு கணுவாக, இறுக்கமாக, வெளிர்நிறத்தில் இருக்கும். கரண்டிக் காம்புக்கும் சுத்தியல் பிடிக்கும் அதைவிட நல்ல கட்டை எனக்குத் தெரிந்து இல்லை. பெரிய பலகை மட்டும் கேட்காதீர்கள், அது செடிதானே.

"வெள்ளைக்கல்லுல ஏதாச்சும் பண்ணலாமா? ஊர்ப்பட்டது கிடக்குதே."

கிடப்பதாகத் தெரிந்தாலும் குவாரியில் நுழைந்து பொறுக்காதீர்கள். குத்தகையும் சட்டமும் இருக்கிறது. பொடியாக விற்கிறவர்களிடம் சாக்குக் கணக்கில் வாங்கலாம். இது மக்னீசியம் கார்பனேட். பெரும்பகுதி போவது எஃகு உலைக்குள் பதிக்கும் தீச்செங்கல்லுக்கு. அவ்வளவு சூடு தாங்கும் சரக்கை நாம் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இரண்டு வழி எனக்குத் தெரியும். முதலாவது மண்பாண்ட மெருகு, அதாவது சூளையில் கண்ணாடிபோல் உருகிப் படியும் மேல்பூச்சு. 1,250 டிகிரிப் பக்கம் சுடும் பாண்டங்களில், மெருகுக் கலவையோடு வெள்ளைக்கல் பொடியைச் சேர்த்தால் பளபளப்பு அடங்கி, மோர் தடவினாற்போல் ஒரு மங்கல் வரும். பாறையில் பாசி படர்ந்த மாதிரி மெருகு திட்டுத் திட்டாகச் சுருண்டு நிற்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்கு வேண்டியது கல்லை அரைத்த கனமான பொடி இல்லை, கடையில் வாங்கும் இலேசான மக்னீசியம் கார்பனேட். அது காயும்போது ரொம்பச் சுருங்கும், அதனால்தான் மெருகு விரிந்து திட்டாகிறது. இந்த வித்தியாசம் புரியாமல் நான் ஒரு சூளை நிறைய வழவழவென்று எடுத்தேன்.

இரண்டாவது வழி சூளையே இல்லாதது. வெள்ளைக்கல்லை மிதமாகச் சுட்டால் கரியமில வாயு போய் மக்னீசியா மிஞ்சும். அதை மக்னீசியம் குளோரைடுக் கரைசலில் குழைத்தால் கல்லாக இறுகும். உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது அந்தக் குளோரைடுதான். 1867-ல் சோரெல் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததால் சோரெல் சிமென்ட் என்று பெயர். தந்தம் மாதிரி மெருகேறும், மரத்தூளையும் உமியையும் சேர்த்துக்கொள்ளும். சேலத்துக் கல்லும் கடலோர உப்பளமும் சேர்கிற பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். தண்ணீர் மட்டும் ஆகாது, தொடர்ந்து நனைந்தால் பலம் போய்விடும். இரும்பையும் அரிக்கும், உள்ளே கம்பி வைக்காதீர்கள். பொடி வேலைக்கு முகமூடி கட்டாயம்.

"வெள்ளியில ஆரம்பிக்கவா, எவர்சில்வர்ல ஆரம்பிக்கவா? எவர்சில்வர் சீப்பாச்சே."

பெயரில் மட்டும்தான் உறவு. வெள்ளி அடிக்க அடிக்க இறுகும், ஆனால் மங்கிய சிவப்பு தெரியும்வரை காய்ச்சினால் மறுபடி வெண்ணெய்போல் ஆகிவிடும். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். கெட்டுப்போனால் உருக்கிவிடலாம், 961 டிகிரியில் சுத்த வெள்ளி உருகும். தப்புச் செய்து கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உலோகம் கிடையாது. 925 என்று முத்திரை இருந்தால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. பட்டறையில் இதையே தொண்ணூற்றிரண்டரை டச் என்பார்கள்.

எவர்சில்வரில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருக்கும். 304 என்கிற ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8. துருப்பிடிக்காமல் காப்பது அந்தக் குரோமியம் போடும் கண்ணுக்குத் தெரியாத படலம்தான். அதே படலம்தான் பற்றவைப்பையும் ஒட்ட விடாது. நாலு அடியில் இறுகிவிடும், இளக்க ஆயிரம் டிகிரிக்கு மேல் வேண்டும், அது வீட்டு ஊதுகுழலில் ஆகாது. ஆகவே தகட்டை வெட்டி, மடித்து, துளையிட்டு, கம்பியால் தைத்துப் பழகுங்கள். கானாவில் பிறந்து நைஜீரியாவில் நெடுங்காலம் வேலை செய்த சிற்பி எல் அனட்சுயி பாட்டில் மூடிகளைத் தட்டையாக்கிச் செப்புக் கம்பியால் கோத்தே சுவர் அகலப் படுதாக்கள் செய்கிறார். நெருப்பே இல்லாத வேலை.

"ஏற்காட்டுல ஆசையா வாங்கின கட்டை, வீட்டுக்கு வந்து பத்தே நாள்ல வெடிச்சிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுதான் ஏமாற்றியது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், ஈரக் காற்று. சேலம் 300 மீட்டருக்கும் கீழே, சித்திரையில் சொல்லவே வேண்டாம். மேலே ஈரத்தோடு நிம்மதியாக இருந்த கட்டை கீழே வந்ததும் வெட்டுமுகம் வழியாகத் தண்ணீரை அவசரமாக விடும். வெளி சுருங்கும், உள் சுருங்காது, விரிசல் விழும்.

வாங்கிய அன்றே இரண்டு வெட்டுமுகத்திலும் மெழுகோ பெயின்ட்டோ தடவுங்கள். நிழலில், சிமென்ட் தரையில் படாமல், காற்றோட்டமாக அடுக்கி வையுங்கள். பலகையானால் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது ஆசாரிகள் கணக்கு. பொறுமை இல்லாதவர்கள் பாதி செதுக்கி, சாக்கில் சுற்றி மூன்று மாதம் வைத்து, பிறகு மீதியைச் செதுக்கலாம். சில்வர் ஓக் இழைக்கும்போது சிலருக்குத் தோல் அரித்துத் தடிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருப்பதால் பில் இல்லாத கட்டையை வாங்க வேண்டாம்.

"மண்ணுல செஞ்சது சூளையில நல்லாத்தான் இருந்துச்சு. வெளிய எடுத்து நாலு நாள் கழிச்சு பொரிஞ்சு பொரிஞ்சு விழுது?"

சூளைக்குள் வெடித்திருந்தால் ஈரம் என்று சொல்லியிருப்பேன். நாலு நாள் கழித்து என்றால் அது ஓடைக்கல். நம் பக்கத்து ஏரி மண்ணில் சுண்ணாம்புக் குருணை கலந்திருக்கும். சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகி, வெளியே வந்ததும் காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து உப்பி, மேல் தோலைத் தள்ளிவிடும். மிளகு அளவு குருணை போதும், எட்டணா அளவு சில்லு பெயரும்.

மண்ணைக் கூழாகக் கரைத்துக் கொசுவலையில் வடிகட்டுவதுதான் மருந்து. குயவர்கள் இதைத் தலைமுறையாகச் செய்கிறார்கள், நாம்தான் மண் "இயற்கையாக" இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

"உன்னிச்செடி முள்ளுச்செடிதானே, அதுல என்ன செய்ய முடியும்?"

மேசை, நாற்காலி, ஏன், யானையே செய்யலாம். நீலகிரி கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் உன்னித் தண்டால் செய்த ஆளுயர, ஆனை உயர யானைக் கூட்டம் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றது. பச்சைத் தண்டை வேகவைத்துத் தோலை உரித்து, சூட்டோடு வளைக்க வேண்டும். காட்டை அடைத்துக்கொண்ட அந்நியச் செடி என்பதால் அதை வெட்டக் கவலை வேண்டாம், ஆனால் காட்டுக்குள் போக வனத்துறையிடம் கேட்க வேண்டும்.

"இதுக்கு காலேஜ் போகணுமா? எங்க பொண்ணு பன்னெண்டாவது முடிக்கப் போறா."

போகலாம். சென்னை அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கியது, சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். சுடுமண்ணும் துணியும் அங்கே பாடமாகவே உண்டு. கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. மண்பாண்டம் மட்டும் என்றால் பாண்டிச்சேரியில் 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி. இன்றைக்கு இந்தியாவில் பேர் சொல்லும் மண் கலைஞர்களில் நிறையப் பேர் அங்கே மண் மிதித்தவர்கள்.

கல்லூரி கொடுப்பது நேரமும் கூட்டாளிகளும். கைப்பழக்கம் கல்லூரியில் பாதிதான் வரும். மீதிக்கு அடுத்த கேள்வி.

"பட்டறைல போய் கத்துக்கலாமா? சொல்லித் தருவாங்களா, தொரத்திடுவாங்களா?"

துரத்த மாட்டார்கள், ஆனால் உங்களுக்காக வேலையை நிறுத்தவும் மாட்டார்கள். கொலுசு ஒரே ஆள் செய்வதில்லை. உருக்குகிறவர் ஒருவர், கம்பி இழுப்பவர் ஒருவர், பற்றவைப்பு ஒரு வீடு, மெருகு இன்னொரு வீடு. கூலி எடைக்கு. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கை நிற்கும், கை நின்றால் அன்றைய கூலி குறையும். முதல் கேள்வியில் சொன்ன "வீணாக்க முடியாத வாரம்" இதுதான்.

அதனால் என் யோசனை: கற்றுக்கொள்ளப் போகும் நாளுக்கு அவருடைய ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள். குரு தட்சிணை, வெற்றிலை பாக்கு என்று அலங்காரம் வேண்டாம், கூலியாகவே கொடுங்கள். பிறகு பாருங்கள், "இந்தப் பொடியை இப்படித் தூவும்மா, நெருப்பைக் கம்பியில காட்டாத, சுத்தி காட்டு" என்று கல்லூரியில் வராத பாடம் வரும். எனக்கு அப்பா சொல்லித் தராததை மூன்றாவது சந்தில் இருந்த ஒரு பெரியவர் இரண்டு நாள் கூலிக்குச் சொல்லித் தந்தார். பெண்கள் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: பற்றவைப்பில் பாதிப் பேர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்கள்தான்.

"இந்தச் சின்னக் கிண்ணம் இவ்வளவா? இதே எடைக்குக் கொலுசே எடுத்துட்டுப் போயிடுவேனே!"

எடுத்துக்கொள்ளுங்கள், கொலுசும் நல்ல பொருள்தான். கொலுசின் விலை எடை, சேதாரம், கூலி. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் அச்சுக் கூலி பிரிந்து காணாமல் போகும். இந்தக் கிண்ணத்தின் எடை அறுபது கிராம். அதற்கு முன்னால் அடித்துக் கிழிந்த மூன்று கிண்ணங்களின் நாள்களையும் இதுதான் சுமக்கிறது. வெள்ளியை உருக்கிக்கொண்டேன், நாள்களை உருக்க முடியவில்லை.

திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்றும் கேட்பார்கள். கடையில் வெள்ளி எடைக்குத்தான் கிடைக்கும். அதை முன்கூட்டியே சொல்லித்தான் விற்கிறேன். சேமிப்புக்கு வாங்குகிறவர்களை நானே செவ்வாய்ப்பேட்டைக்கு அனுப்பிவிடுவேன்.

"இதுல சாப்பிடலாமா? ரசம் ஊத்தலாமா?"

வெள்ளியில் தாராளமாக. மெருகிட்ட மண்பாண்டத்தில், செய்தவரிடம் காரீயம் சேர்த்தீர்களா என்று நேராகக் கேளுங்கள். காரீயம் கலந்த மெருகு பளிச்சென்று நிறம் காட்டும், புளியும் எலுமிச்சையும் அதைக் கரைத்து வயிற்றுக்கு அனுப்பும். பதில் தயங்கி வந்தால் அதில் பேனா வையுங்கள். பித்தளை, செம்பு என்றால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும், அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகுவது. வீட்டில் பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான், ஆனால் இன்று விற்பதில் காரீயக் கலப்பு உண்டு, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள். சோரெல் சிமென்டில் எதையும் ஊற்ற வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

"வாங்கிட்டுப் போன வெள்ளி ஆறே மாசத்துல கருத்துடுச்சு, கலப்படமா?"

சுத்த வெள்ளியும் கறுக்கும். காற்றிலுள்ள கந்தகம் படிந்து வருவது அது. பூந்திக்கொட்டையை ஊறவைத்த தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் போதும், பட்டறையிலும் அதுதான். குழிகளில் நான் வேண்டுமென்றே கறுப்பு விட்டிருப்பேன், அதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டாதீர்கள்.

"நீங்க வரைஞ்சு குடுத்து பட்டறைக்காரர் செஞ்சா, அதுல உங்க பேரு மட்டும் இருக்கறது நியாயமா?"

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. அன்று பதில் சொல்லாமல் மழுப்பினேன். நியாயம் இல்லை.

வெறும் கூலி வேலை என்றால், அதாவது நான் சொன்ன அளவில் கம்பி இழுத்துக் கொடுத்தால், கூலியோடு கணக்கு முடிந்தது. அவர் "இது நிக்காதும்மா, இந்த இடத்துல ஒரு வளையம் போடு" என்று சொல்லி, அந்த வளையத்தால் பொருளே மாறிவிட்டால், அவரும் செய்தவர். இப்போது சீட்டில் இரண்டு பெயரும் போடுகிறேன், விற்றால் கூலிக்கு மேல் ஒரு பங்கும் தருகிறேன். சிலர் பெயர் வேண்டாம் என்பார்கள், முதலாளிக்குத் தெரிந்தால் வம்பு என்று. அப்போது பெயரை விட்டுவிட்டுப் பங்கை மட்டும் கொடுப்பேன். "உள்ளூர்க் கைவினைஞர்களுடன் இணைந்து" என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது எனக்குப் பிடிக்காது. அந்த வரியில் ஒருவர் பெயர் இருக்கிறது, அது கலைஞர் பெயர். மற்றவர்கள் எல்லாரும் "உள்ளூர்".

"நம்ம டிசைனை ஒருத்தன் போட்டோ எடுத்துட்டுப் போய் அச்சு போட்டு விக்கறான். கேஸ் போட முடியுமா?"

எனக்கும் நடந்தது, ஆள் பெயர் வேண்டாம். 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டம் கலைத்திறன் கொண்ட கைவினைப் படைப்பையும் கலைப்படைப்பு என்றே வரையறுக்கிறது. ஒரே ஒரு பொருள், ஒருபோதும் திரும்பச் செய்யாதது என்றால் அந்தப் பாதுகாப்பு செய்த அன்றே உண்டு, பதிவுகூடத் தேவையில்லை.

சிக்கல் 15-ம் பிரிவில். வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், நீங்களோ உங்கள் அனுமதி பெற்றவரோ தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் செய்துவிட்டால், அந்த வடிவத்தில் உங்கள் பதிப்புரிமை முடிந்தது. ஆகவே அச்சுப் போட்டு நிறைய விற்க நினைப்பவர்கள் 2000-ம் வருஷ வடிவமைப்புச் சட்டத்தில் முதலிலேயே பதிவு செய்ய வேண்டும். பத்து வருஷம், புதுப்பித்தால் இன்னும் ஐந்து. அந்தப் பதிவுக்கு வடிவம் புதிதாக இருக்க வேண்டும், முன்பே வெளியிட்டிருக்கக் கூடாது. ஆசையாக இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு அடுத்த மாதம் பதிவுக்குப் போனால் அந்தப் படமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். நான் அப்படித்தான் இழந்தேன். வழக்கு என்று இறங்குமுன் வக்கீலைப் பாருங்கள், இது ஒரு பட்டறைக்காரியின் விளக்கம்தான்.

"அப்ப நீங்க மட்டும் பழைய கொலுசு மாடல், கோயில் மாடல் எல்லாம் எடுத்துப் போடறீங்களே?"

சரியான குத்து. பழைய பொது வடிவங்கள் யாருக்கும் தனிச் சொத்தில்லை, எடுக்கலாம். ஊர்ப் பெயர்தான் கவனம். சேலம் வெண்பட்டு, சேலம் ஜவ்வரிசி மாதிரிப் புவிசார் குறியீடு பெற்றவற்றின் பெயரை அந்த ஊரில், அந்த முறையில் செய்யாத பொருளுக்கு ஒட்ட முடியாது. நான் பட்டு நூலில் முடிச்சுப் போட்டுச் செய்த தொங்கலை ஒரு கடைக்காரர் "சேலம் வெண்பட்டுக் கலை" என்று அட்டை எழுதி வைத்தார். அது வெண்பட்டு நெசவே இல்லை, பாவு முடியும்போது தறியில் மிஞ்சிய நூல். அட்டையைக் கழற்றச் சொன்னேன்.

சட்டம் தொடாத இடம் ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும் ஒரு குடும்பம் மட்டும் போடுகிற மாடல் என்று தெரிந்தால் போய்க் கேட்டுவிடுங்கள். முந்தைய கேள்வியில் என் டிசைனைப் போட்டோ எடுத்தவனும் "பொது மாடல்னு நெனச்சேன்" என்றுதான் சொன்னான்.

"போன வருஷம் உங்ககிட்ட வாங்குன அந்தத் திப்பித் தட்டு பூஞ்சை புடிச்சு ஓரம் உதுந்துடுச்சு. காசைத் திருப்பித் தருவீங்களா? இல்ல அதுவும் கலைதான்னு சொல்லுவீங்களா?"

திப்பியையும் மரவள்ளிக் கஞ்சியையும் கலந்து அச்சில் அழுத்தி, ஆத்தூர் வெயிலில் காயவைத்த தட்டுகள் அவை. மாவுப் பொருள், பூஞ்சைக்கும் எறும்புக்கும் அது சாப்பாடு. களிமண் பிள்ளையாரை வாங்கி மூன்றாம் நாள் கிணற்றில் போடுகிறோம், யாரும் காசு திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் பிள்ளையார் கரைவார் என்று வாங்கும்போதே தெரியும். இந்த அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. அதனால் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

மெருகெண்ணெய் பூசிப் பார்த்தேன், வெயிலில் காய்ந்த வைக்கோல் நிறம் போய் பிளாஸ்டிக் மாதிரி ஆனது. அதை விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு தட்டின் பின்னாலும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன்: "இது மரவள்ளி. சுவரை விட்டுத் தள்ளி வைக்கவும். ஐப்பசி, கார்த்திகையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். உதிர்ந்தால் செடிக்குப் போடலாம்." விலையையும் பாதியாக்கினேன். போன தையில் ஒன்பது தட்டு வைத்தேன், சீட்டைப் படித்துவிட்டு ஏழு பேர் கீழே வைத்தார்கள். இரண்டு போனது.